ஆதி நாகப்பன் அறிக்கையும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊராட்சியும்

கோலாலம்பூரின் மேற்குப் புறத்தே தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் குடியிருப்பு உள்ளது. அதன் சாலைகள் சில, நாட்டுக்குத் தொண்டாற்றியோரின் பெயர்களைத் தாங்கி நிற்பன. அவற்றுள் ஒன்று ஜாலான் ஆதி நாகப்பன். அச்சாலையில் நாள்தோறும் போய்வருவோருள் அப்பெயருக்குரியவர் யார், அவர் செய்த பணி யாது என்று அறிந்தவர் சிலரே ஆவர். வழக்கறிஞர், மேலவை உறுப்பினர், ம.இ.கா.வின் துணைத் தலைவர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் என்று அவரைப் பலவாறு அறிமுகப்படுத்தலாம். எனினும் வரலாறு அவரை நினைவிற்கொள்ள வேண்டியது ஓர் அறிக்கைக்காகவே ஆகும். நகரின் வடிகாலையும் தெருவிளக்கையும் சந்தையையும் பற்றி முடிவு செய்வோரை அந்நகரில் குடியிருப்போரே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. அம்மறுப்பின் விளைவைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள் இன்றளவும் தம் வாசலில் காண்கின்றனர்.

இக்கதையின் தொடக்கம் செங்கல்லில் உள்ளது. 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்டிருந்த ஊர் பெரும்பகுதி அழிந்தது. அதன்பின் வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டுமென்று ஆங்கில அதிகாரிகள் விதித்தனர். செங்கற்சூளைகள் பெருகிய இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886இல் கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து இருப்புப்பாதைப் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அங்கே நிலைத்தனர். ஆக, பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊர், வீடு கட்டுதல் பற்றிய ஓர் அரசாணையின் பிள்ளை எனலாம். அவ்வாணையைப் பற்றி ஊராரை எவரும் கேட்டதில்லை. அக்காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை.

1890ஆம் ஆண்டு கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. குப்பை அகற்றுதல், சாக்கடை, சந்தை, தெருவிளக்கு ஆகியவை அதன் பொறுப்பில் வந்தன. அதிகாரிகளும், அவர்கள் தெரிந்தெடுத்த ஊர்ப்பெரியோரும் அதில் அமர்ந்தனர். வரி செலுத்துவோர் பலர். வாய் திறப்போர் சிலர். இவ்வமைப்பே பல்லாண்டுகள் பல மாற்றங்களுடன் நீடித்து, 1948இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது.

மக்கள் முதன்முறையாக வாக்களித்த நாள் 1952 பிப்ரவரி 16. இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1951 டிசம்பரில், ஜார்ஜ் டவுன் மக்கள் தம் நகராண்மைக் கழகத்திற்கு வாக்களித்து நாட்டுக்கே வழிகாட்டியிருந்தனர். கோலாலம்பூரில் 12 இடங்களுக்குப் போட்டி நடந்தது. அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களை வென்றன. பின்னாளில் நாட்டின் விடுதலையைப் பெற்றுத்தந்த கூட்டணி இந்த நகராண்மைத் தேர்தலிலேதான் முளைவிட்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. சாக்கடைக்கும் சந்தைக்கும் நடந்த தேர்தலே ஒரு நாட்டின் அரசியலுக்கு உருக்கொடுத்தது!

அத்தேர்தலில் மற்றொரு சிறப்பும் உண்டு. பிரிக்பீல்ட்சை அடுத்த பங்சார் வட்டாரத்தில் மலாயா சுதந்திரக் கட்சியின் சார்பில் நின்று வென்றவர் தேவகி கிருஷ்ணன் அம்மையார். மலாயாவில் தேர்தல் வழியாகப் பொதுப்பதவி பெற்ற முதற்பெண் அவரே. நூறாண்டு வாழ்ந்து 2024இல் மறைந்த அவ்வம்மையாரின் வாழ்நாளில், அவர் வென்ற அந்த மன்றத்திற்குத் தேர்தல் நடந்த காலம் பத்தாண்டையும் எட்டவில்லை.

கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் 1960இல் நிறைவேறியது. 1961 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின் இடத்தில் ஓர் ஆணையர் அமர்ந்தார்; அவருக்கு ஆலோசனை கூற ஒரு குழு. ஏனைய நகரங்களில் தேர்தல் தொடர்ந்தது. அதுவும் 1965 மார்ச் முதல் நாள் நிறுத்தப்பட்டது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலம் அது. போர் ஓய்ந்ததும் தேர்தல் மீளும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் உறுதியளித்தார். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. தேர்தல் மீளவில்லை. எதிர்க்கட்சிகளின் கையில் இருந்த மன்றங்கள் சில அப்போது ஆளுங்கட்சிக்கு உறுத்தலாக இருந்தன என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். மன்றங்களில் முறைகேடுகள் நடந்ததும் பொய்யன்று. ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை 1966இல் மாநில அரசே எடுத்துக்கொண்டது.

இச்சூழலில்தான் மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்று 1965இல் அமைந்தது. அதன் தலைவராக ஆதி நாகப்பன் அமர்த்தப்பட்டார். ஜார்ஜ் டவுனின் முதல் மேயராக விளங்கிய டி.எஸ். இராமநாதனும் அதில் உறுப்பினர். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் ஆதி நாகப்பன். எதிரணியில் நின்று மேயரானவர் இராமநாதன். இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே முடிவுக்கு வந்தது சிந்திக்கத்தக்கது. குழுவின் அறிக்கை 1968 இறுதியில் அரசாங்கத்திடம் சென்றது. தேர்தல் முறையில் குறைகள் இருப்பினும், நியமன முறையைக் காட்டிலும் அதுவே மேலானது என்பது அதன் முடிவு. திருட்டு நடக்கும் கடைக்குப் பூட்டுப் போடலாம், கடையையே இடிப்பதில்லை. குழு காட்டிய வழி அதுவே.

1969 மே கலவரம் இடையில் வந்தது. நாட்டின் மனநிலையே மாறிற்று. அறிக்கை 1971இல்தான் வெளியிடப்பட்டது. தேர்தல் பற்றிய அதன் பரிந்துரையை அரசாங்கம் ஒதுக்கியது. மன்றங்கள் செய்யவேண்டிய வளர்ச்சிப் பணிகளுக்குத் தேர்தல் இடையூறு என்னும் கருத்து மேலோங்கியது. 1976 மார்ச்சில் ஊராட்சிச் சட்டம் வந்தது. ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் யாவும் செல்லாதன என்று அதன் 15ஆம் பிரிவு கூறிற்று. அதே 1976ஆம் ஆண்டில் ஆதி நாகப்பன் காலமானார்.

அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு தமிழாசிரியர்களுக்கு ஒரு பழைய கல்வெட்டை நினைவூட்டக்கூடும். மன்ற உறுப்பினர் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். பெரும்பாலோர் அவ்வூரில் குடியிருப்போராதல் வேண்டும். ஊராட்சி அனுபவமோ தொழிற்சிறப்போ தம் சமூகத்தைப் பேராளராக நின்று எடுத்துரைக்கும் ஆற்றலோ உடையவராதல் வேண்டும் என்று அது தகுதி வகுக்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூரிலும் தகுதிகள் வகுக்கப்பட்டன. நிலமும் சொந்த மனையும் உடையவராய், 35 அகவைக்கு மேலும் 70க்கு உள்ளும் இருத்தல் வேண்டும். அதுவும் எல்லார்க்கும் உரிய குடியாட்சியன்று. பிராமணர் ஊரின் சபை அது. பெண்டிர்க்கும் நிலமற்றார்க்கும் அங்கே இடமில்லை. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டு மார்தட்டுவது முறையாகாது. ஆயினும் அக்கல்வெட்டில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் இடப்பெறார். தகுதி கேட்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு; ஊரார் முன் கணக்குக் காட்டாதவரை ஊராரே விலக்கும் வழிதான் அங்கே இல்லை. நியமித்தவரே விலக்க வல்லவர்.

கிள்ளானும் கோலாலம்பூரும் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பினும், இவ்வகையில் இரு வேறு நிலைகளில் உள்ளன. கிள்ளானில் 1977 முதல் நகராண்மைக் கழகம் இயங்கியது. 2024 பிப்ரவரியில் அது அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் அங்கே உண்டு. வட்டாரத்திற்கு ஒருவர் பொறுப்பேற்கின்றார். வடிகால் அடைத்துக்கொண்டால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கின்றது. கூட்டங்கள், மன்றம் வேறாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். சென்று அமர்ந்து கேட்போர் எத்தனை பேர் என்பது வேறு.

பிரிக்பீல்ட்சில் அக்கதவும் இல்லை. கோலாலம்பூர் 1972 பிப்ரவரி முதல் நாள் மாநகர் ஆயிற்று. ஆணையர் டத்தோ பண்டார் ஆனார். 1974இல் அது சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது சட்டமன்ற உறுப்பினரும் போயினர். எஞ்சியவர் மக்களவை உறுப்பினர் ஒருவரே. நாட்டின் வரவு செலவைப் பேசவேண்டியவரிடம் தெருவிளக்கு எரியாமையையும் சொல்லவேண்டிய நிலை தலைநகர் மக்களுடையது. ஜாலான் துன் சம்பந்தன் 'லிட்டில் இந்தியா'வாக உருமாறி, 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் அதனைத் திறந்துவைத்தபோது தமிழர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் குறை காண வேண்டியதில்லை. ஆயினும் அத்தெருவின் தோற்றத்தை மாற்றும் முடிவில் வாக்களிக்க அத்தெருவார் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர் எவரும் இல்லை என்பதும் உண்மையே.

2013ஆம் ஆண்டின் இறுதியில் இக்குறை வீடுதோறும் உணரப்பட்டது. 1992க்குப் பின் மாற்றப்படாதிருந்த சொத்து மதிப்பை உயர்த்தி, மதிப்பீட்டு வரி பற்றிய அறிவிப்புகளை மாநகர் மன்றம் அனுப்பியது. ஆட்சேபிக்க டிசம்பர் 17 வரை காலம் தரப்பட்டது. குடியிருப்பாளர் சங்கங்களும் மக்களவை உறுப்பினர்களும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக, குடியிருப்பு வீடுகளுக்கான வரிவிகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குரல் எழுந்தது, பயனும் கிட்டியது. எனினும் முடிவு செய்தபின் வரும் அறிவிப்பு வேறு, முடிவுக்கு முன் கேட்கும் கேள்வி வேறு.

தேர்தலை மீட்க மாநிலங்கள் முயலாமல் இல்லை. பினாங்கு மாநிலம் 2012இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. வாக்குரிமையின் வழி அடைபட்டதால் குடியிருப்போர் வழக்கின் வழியை நாடினர். அவ்வகையில் புகழ்பெற்ற வழக்கு, ஆதி நாகப்பன் பெயர் தாங்கிய சாலை இருக்கும் அதே குடியிருப்பிலிருந்து எழுந்தது என்பது வரலாற்றின் விந்தை.

தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட 2017 ஜூலையில் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. குடியிருப்போர் நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவ்வெற்றியை உறுதி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். மாநகரின் கட்டமைப்புத் திட்டம் டத்தோ பண்டாரைக் கட்டுப்படுத்தும். அதனின்று விலகினால் காரணம் கூறவேண்டும். அக்கம்பக்கத்தில் வாழ்வோர்க்கு வழக்காடும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இத்தீர்ப்பைக் கொண்டாடுவோர் மற்றொன்றையும் காணவேண்டும். அப்பூங்காவின் ஓரத்தில் நீண்ட வீடுகள் சில இருந்தன. புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியோரும் அவர்தம் மக்களும், பெரும்பாலும் தமிழர், ஏறத்தாழ நூறு குடும்பங்கள், தோட்டம் கைமாறியபின் 1980களில் அங்கே குடியேற்றப்பட்டனர். நிலையான வீடு தரப்படும் என்பது அவர்கள் பெற்றிருந்த வாக்குறுதி. முறியடிக்கப்பட்ட அத்திட்டத்தினுள்தான், வானளாவும் ஆடம்பர மாடிகளுக்கு அருகே, அவர்களுக்கான 29 மாடிக் கட்டடமும் இடம்பெற்றிருந்தது. பூங்கா காப்பாற்றப்பட்ட நாளில் அவ்வீடும் தாளிலிருந்து நீங்கிற்று. அவ்விரண்டையும் ஒன்றாக வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு கட்டுவது, எவ்வளவை மரத்திற்கு விடுவது என்று ஊரார் முன்னிலையில் வாதிட்டு வாக்கெடுத்திருக்கக்கூடிய மன்றம் ஒன்று 1961 ஏப்ரலுக்குப் பின் அந்நகரில் இருந்ததில்லை.