சொல்லி ஆறும் துயர்

தமிழகத்துக்குத் திரைப்படம் வந்த வழியில் ஒரு கிறிஸ்தவர் நிற்கிறார். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். அன்று தொட்டு நாம் திரையில் பிறர் கதையைக் கண்டே கண்ணீர் சிந்தி வருகிறோம். எளியவர் தம் கதையையே திரையில் சொல்லி ஆறுதல் பெறலாம் என்னும் எண்ணம் வலுப்பெற மேலும் 60 ஆண்டுகள் சென்றன.

அதற்கு வழிகாட்டியது கனடா நாட்டின் ஃபோகோ தீவு. பிழைப்பு நலிந்த அத்தீவினரை வேறிடம் குடியேற்ற அரசு முனைந்திருந்த வேளையில், 1967இல், கொலின் லோ என்னும் இயக்குநர் அங்குச் சென்று மீனவரையே பேசவிட்டுப் படமெடுத்தார். சமயப் பிரிவுகளால் விலகி வாழ்ந்த ஊர்கள் ஒன்றன் துயரை மற்றொன்று திரையில் கேட்டன. பேசியவரே படத்தை முதலில் பார்ப்பார். வேண்டாம் என்ற பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இவ்விதியே அம்முயற்சியின் உயிர் என்பேன். தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே நிலைத்தனர். மருத்துவம் என்று அதற்கு எவரும் பெயரிடவில்லை.

திரைக்கருவி இன்றியும் இப்பணி நடந்ததுண்டு. போர் தின்ற மட்டக்களப்பில், இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான அருட்தந்தை பால் சற்குணநாயகம், கனடாக் கலைஞர் பால் ஹோகனுடன் இணைந்து 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே கூடிக் களிமண் பிசைந்தனர், நாடகம் ஆடினர், கதை புனைந்தனர். காயத்தை நேரே கிளறுவதற்கு மாறாக, விளையாட்டுக்கே அங்கு முதலிடம். 'நான்' என்று சொல்ல இயலாத குழந்தை, ஒரு பறவையின் வாயிலாகச் சொல்லிவிடும் அல்லவா? புனித இஞ்ஞாசியாரும் 1553 முதல் 1555 வரை தம் வாழ்வைக் கொன்சால்வஸ் தெ காமராவிடம் எடுத்துரைத்தபோது, தம்மைப் 'பயணி' என்றே குறிப்பிட்டார்.

நம் குன்னம் வட்டாரத்துச் சாவு வீடுகளிலும் இதே வழக்கம் உண்டு. இறந்தவரை விளித்து ஒப்பாரி வைக்கும் தாய், புகுந்த வீட்டுக் கொடுமையையும் வற்றிய கிணற்றையும் சேர்த்தே பாடுகிறாள். தன் குறையை வேறெங்கும் வாய் திறந்து சொல்லாதவள் அவள். சுற்றியிருந்து கட்டியழும் பெண்களே அவளுக்குச் செவி. பாட்டு முடிந்தபின், அங்குச் சொன்னதை யாரும் வெளியே எடுத்துச் செல்வதில்லை.

இன்று பேரன் கையில் கைப்பேசி இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னது முத்திரையிட்டுக் காக்கப்படும். கைப்பேசியில் பதிந்ததோ அன்று மாலைக்குள் துபாய்வரை சென்றுவிடும். பதிவு செய்வது தவறென்று கூறேன்; ஒப்பாரி மறைந்துவரும் நாளில் அது வேண்டியதே. ஆயினும் ஃபோகோ மீனவருக்குக் கிடைத்த உரிமை நம் பாட்டிக்கும் உண்டு. கருமாதி முடிந்து வீடு அமைதியான பிறகு, அப்படத்தை முதலில் அவரிடம் போட்டுக் காட்டி, எதை நீக்கட்டும் என்று கேட்டவர் எத்தனை பேர்?