அரைக்குலமும் முழுப்பெயரும்

பழைய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு படித்தவர்களுக்கு ‘குலம்’ என்ற சொல் ஞாபகம் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘குரூப்’ என்பதற்குத் தமிழ்ப் பாடநூல் வைத்த பெயர் அது. அதற்கு ஒரு படி முன்னால் ‘அரைக்குலம்’ என்று ஒன்று வரும். அதுதான் ‘செமிகுரூப்’. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற சமாச்சாரம்!

ஆனால் ஊரில் குலம் என்றால் அர்த்தமே வேறு. குலதெய்வம், குலத்தொழில், குலப்பட்டம். மனிதர்களின் பெயருக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வந்ததும் இந்தக் குலம்தான். கணக்கில் வரும் குலமும் பெயரில் வரும் குலமும் ஒரு இடத்தில் சந்தித்துக்கொண்டன. அது எப்படி என்று பார்ப்போம்.

அரைக்குலம் என்றால் என்ன?

ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பொருட்களைச் சேர்த்தால் அதே வகையில் இன்னொரு பொருள் கிடைக்க வேண்டும். மூன்றைச் சேர்க்கும்போது, முதல் இரண்டை முன்னால் சேர்த்தாலும் கடைசி இரண்டை முன்னால் சேர்த்தாலும் விடை மாறக்கூடாது. இதற்குப் பெயர் சேர்ப்பு விதி. இவ்வளவு இருந்தால் போதும், அது அரைக்குலம்.

முழுக் குலமாக வேண்டுமானால் இன்னும் இரண்டு தேவை. எதையும் மாற்றாத சமனி ஒன்று. செய்ததைத் திருப்பி எடுக்க உதவும் எதிர்மறை ஒன்று. 1, 2, 3 என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். 5-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 12. திரும்பி வரக் கழித்தல் எண்கள் இல்லை, பூஜ்யமும் இல்லை. வரவுப் பக்கம் மட்டும் உள்ள, செலவுப் பக்கமே இல்லாத பேரேடு மாதிரி. அதனால் இது குலம் ஆகாது, அரைக்குலம்.

இந்தச் சொல்லின் வயது அதிகமில்லை. 1904-ல் டி செகியே என்ற பிரெஞ்சுக்காரர் குலங்களைப் பற்றிய தம் புத்தகத்தில் இதைப் பயன்படுத்தினார். 1928-ல் சோவியத் கணித அறிஞர் அன்டன் சுஷ்கேவிச், முடிவுள்ள அரைக்குலங்களின் அமைப்பைப் பற்றி எழுதினார். 1940-ல் பிரிட்டனின் டேவிட் ரீஸ் முக்கியமான தேற்றம் ஒன்றைத் தந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் குழுவில் வேலை பார்த்தவரும் இவர்தான். 1951-ல் கிரீன் எழுதிய கட்டுரையோடு இந்தத் துறை சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது.

பெயரும் ஒரு அரைக்குலம்தான்

எழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்குவதும் இதே கணக்குதான். ‘சிவசங்கரநாராயணன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிவசங்கர’ என்பதோடு ‘நாராயணன்’ சேர்த்தாலும், ‘சிவ’ என்பதோடு ‘சங்கரநாராயணன்’ சேர்த்தாலும் அதே பெயர்தான் வருகிறது. சேர்ப்பு விதி சரியாக இருக்கிறது.

ஆனால் இடம் மாற்றினால் பெயர் மாறிவிடும். ராஜலட்சுமி பெண். லட்சுமிராஜன் ஆண்! ஒரு பெயரோடு எதையோ ஒட்டி அதை இல்லாமல் ஆக்கவும் முடியாது. ஆக, எதிர்மறை கிடையாது.

இனிஷியல் இன்னும் வேடிக்கையானது. இரண்டு பெயர்களைச் சேர்த்து முதலெழுத்தை மட்டும் எடுத்தால், முதலில் நின்ற பெயரின் எழுத்துதான் எப்போதும் வரும். பின்னால் எது வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இரண்டைச் சேர்த்தால் இடப்பக்கம் இருப்பதே விடையாக வரும் அரைக்குலங்களும் உண்டு, கணக்கில் அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. ‘சு.’ என்ற இனிஷியலைப் பார்த்து அப்பா பெயர் சுப்பையாவா, சுப்பராமனா, சுந்தரமா என்று சொல்ல முடியுமா? முடியாது. திரும்பும் வழி அடைபட்டுவிட்டது.

மீனாட்சிசுந்தரமும் ஆறிப்போன டீயும்

மதுரையில் மீனாட்சிசுந்தரம் என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. மீன் போன்ற கண்ணுடைய அம்மனும் அழகனான சொக்கரும் சேர்ந்த பெயர். இந்தப் பெயர் உலகக் கணிதத்தில் நிலைத்துவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சு. மீனாட்சிசுந்தரம் 1913-ல் திருச்சூரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நிறுவனத்தில் இருந்தபோது, சுவீடனின் ஓகே பிளெயெல் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1949-ல் வெளிவந்தது. வளைந்த வெளியில் நடக்கும் அதிர்வுகளைப் பற்றியது அது. இன்று அந்தத் தேற்றத்தை வெப்பம் பரவுவதை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

வெப்பத்துக்கும் அரைக்குலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு டீ மூன்று நிமிடம் ஆறி, பிறகு இரண்டு நிமிடம் ஆறினால், மொத்தம் ஐந்து நிமிடம் ஆறியதற்குச் சமம். சேர்ப்பு சரியாக நடக்கிறது. ஆனால் ஆறிய டீ தானாகத் திரும்பச் சூடாகாது. கணிதத்தில் இதை ‘வெப்ப அரைக்குலம்’ என்கிறார்கள். திரும்பி வர முடியாவிட்டாலும், வெப்பம் பரவும் முதல் நொடிகளைக் கவனித்தால் அந்த வெளியின் பரிமாணத்தையும் கன அளவையும் கண்டுபிடித்துவிடலாம் என்று இவர்களுடைய தேற்றம் காட்டியது. எல்லாவற்றையும் மீட்க முடியாது, ஆனால் கொஞ்சம் மீட்கலாம்.

இவர் விஷயத்தில் தேற்றத்துக்குக் கிடைத்தது அம்மா அப்பா வைத்த பெயர். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

பிள்ளை என்பது யார்?

குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லம் கிராமத்தில் 1901-ல் பிறந்தார் ஒரு கணித மேதை. அப்பா பெயர் சுப்பையா, அம்மா கோமதி அம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர், மேலே பார்த்த அதே சிவசங்கரநாராயணன்! அந்தப் பக்கத்துச் சங்கரன்கோவிலில் இருப்பவர்கள் சங்கரநாராயணரும் கோமதி அம்மனும் என்பது நினைவிருக்கட்டும். அம்மா, மகன் இருவர் பெயரிலும் அந்த மண்ணின் வாசம் வீசுகிறது.

உலகம் அவரை எஸ்.எஸ். பிள்ளை என்றுதான் அறியும். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு சேர்ந்தார். எந்த எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத 73 எண்கள் போதும் என்று 1940-ல் நிரூபித்தார். அவர் பெயரில் ‘பிள்ளை அனுமானம்’ ஒன்று இன்னும் நிரூபிக்கப்படாமல் நிற்கிறது. 1950-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார்.

1929-க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் நாயக்கரை விட்டார். சௌந்திரபாண்டியன் நாடாரை விட்டார். தமிழ்நாட்டில் பட்டங்கள் மெல்லமெல்ல உதிர்ந்து, அப்பாவின் இனிஷியல் மட்டும் மிஞ்சியது. ஆனால் அச்சில் ஏறிய தேற்றத்தின் பெயர் உதிரவில்லை. மேல்நாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்தானே பெயர்! அதனால் சிவசங்கரநாராயணன் இனிஷியலுக்குள் ஒளிந்துகொள்ள, பட்டம் மட்டும் நின்றுவிட்டது.

பசுமலை சொல்லும் மாற்றுக் கதை

அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1933 முதல் 1938 வரை தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1879-ல் எட்டயபுரத்தில் பிறந்து, பசுமலையில் வாழ்ந்து, 1959-ல் மறைந்தவர். சோமசுந்தரம் என்பதும் மதுரைச் சொக்கரின் பெயரே.

அவர் பெயருக்குப் பின்னாலும் ஒரு பட்டம் இருக்கிறது. ஆனால் ‘பாரதி’ பிறப்பால் வந்ததல்ல, புலமைக்குக் கிடைத்தது. அதே எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதிக்குக் கிடைத்ததும் அதுதான். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் இரண்டு பேர். ஒருவர் பட்டம் பிறந்ததால் ஒட்டியது, மற்றவர் பட்டம் படித்ததால் ஒட்டியது. இரண்டுமே திரும்பக் கழற்ற முடியாதபடி பெயரோடு கலந்துவிட்டன.

சுப்பிரமணியன் எங்கே போனார்?

இப்போது அரைக்குலத்துக்கே நேராக வருவோம். இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்ற இந்தியர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிப்பாடு. 1935-ல் கேரளத்தில் பிறந்து 2020-ல் மறைந்தார். கேரளப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்.

அரைக்குலத்தில் முழு எதிர்மறை இல்லை. ஆனால் சில அரைக்குலங்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு துணை உண்டு. உறுப்பு, துணை, மறுபடி அதே உறுப்பு என்று வரிசையாகச் சேர்த்தால் பழைய உறுப்பே கிடைக்கும். பாதி வழியாவது திரும்பலாம் என்று சொல்லலாம்! இவற்றுக்கு ஒழுங்கான அரைக்குலங்கள் என்று பெயர். தன்னோடு தானே சேர்ந்தாலும் மாறாத உறுப்புகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இவற்றின் அமைப்பை விளக்க முடியும் என்று காட்டினார் அவர். அமெரிக்கக் கணிதக் கழகம் 1979-ல் அதை வெளியிட்டது. இன்று ‘நம்பூதிரிப்பாடு வரிசை’ என்று ஒன்று இருக்கிறது. ‘எரெஸ்மான்–ஷைன்–நம்பூதிரிப்பாடு தேற்றம்’ என்றும் ஒன்று இருக்கிறது.

எரெஸ்மானும் ஷைனும் குடும்பப் பெயர்கள். நம்பூதிரிப்பாடு ஒரு சமூகத்தின் பட்டம். அவருக்கு வைத்த பெயர் சுப்பிரமணியன். பசுமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருப்பரங்குன்றத்துச் சாமியின் பெயர்! பாடப்புத்தகம் ‘குலம்’ என்று மொழிபெயர்த்த துறையில், அவரவர் குலம் நிலைத்து, பெயர் ஓர் எழுத்தாகக் குறுகிவிட்டது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கால வழக்கப்படி அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், உலகம் தன் வழக்கப்படி அதைப் படித்தது. ஆனால் திரும்பும் வழி சூத்திரத்தில் இல்லாதபோது, யாராவது ஞாபகம் வைத்திருந்து சொன்னால்தான் உண்டு. பிள்ளை அனுமானத்தைப் படிக்கிற மாணவருக்கு ஆசிரியர் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்: அவர் பெயர் சிவசங்கரநாராயணன்.

வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் இனிஷியலுக்கு விரிவு என்ன என்று இன்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் கண்டுபிடிக்க எந்தக் கணக்கும் கிடையாது!