தட்டப்பட்ட கதவுகள்



1974ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்னும் சிற்றூரில், குடிபோதையிலிருந்த இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். கார்களின் டயர்கள் கிழிக்கப்பட்டன, சன்னல்கள் நொறுக்கப்பட்டன. இத்தகைய குற்றத்திற்கு அபராதமோ சிறையோ விதிப்பதே அக்கால வழக்கம். இழந்தவரிடம் எவரும் ஒன்றும் கேட்பதில்லை.

மெனோனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், "இவர்கள் தங்களால் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன?" என்ற எண்ணத்தை முன்வைத்தார். நீதிபதி கோர்டன் மெக்கானல் முதலில் மறுத்தாலும் பின்பு அவ்வாறே உத்தரவிட்டார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்கள். ஏற்பட்ட இழப்பைக் கேட்டறிந்தார்கள். சில மாதங்களில் அதற்கு ஈடும் செலுத்தினார்கள்.

அந்த முயற்சி நீதிமன்றத்திற்குள் பிறந்தது. அதன் எண்ணமோ நீதிமன்றத்திற்கு வெளியேயும் பரவியது. நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம், தவறிழைத்த இளையோருக்காகக் கூடும் குடும்பக் கூட்டத்தில் பங்குபெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கும் அளித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்றது. சிறு குற்றங்களை வழக்கின்றி முடிக்கும்போது, குற்றவாளி செய்யவேண்டிய பரிகாரங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அவற்றுள் எதை விரும்புகிறார் என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்டறியக் காவல் அதிகாரி முயலவேண்டும். ஆயினும் இறுதி முடிவு அதிகாரியுடையதே. பழிவாங்குதலுக்கு அங்கே இடமில்லை.

சகேயுவை நினைத்துப் பாருங்கள். தன் வீட்டிற்கு இரட்சிப்பு வந்த நாளில் அவன் வருந்தியதோடு நிற்கவில்லை; அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். தீங்கு ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்டது. ஆகவே பரிகாரமும் அந்த மனிதரைச் சென்றடைய வேண்டும்.

இங்கே நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாதிக்கப்பட்டவரைக் கேட்பது வேறு. மன்னிக்கும்படி நெருக்குவது வேறு. "எனக்கு இந்தச் சந்திப்பு வேண்டாம்" என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருந்தால்தான், அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு. சபையிலும் குடும்பத்திலும் பிணக்கு எழும்போது, சமாதானத்தை விரும்பி, "மறந்துவிடு" என்று காயப்பட்டவரிடமே நாம் முதலில் சொல்கிறோம். அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உனக்கு எது சரிசெய்யப்பட வேண்டும்?"

இந்த வாரம் அந்தக் கேள்வியை ஒருவரிடமாவது கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்ச் செவிகொடுங்கள்.