கிங் வீதியில் விழுந்த ஐந்து பேர்

1770 மார்ச் 5, இரவு ஒன்பது மணி. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்ற நகரான பாஸ்டனின் கிங் வீதியில், சுங்க அலுவலகத்து வாசலில் பாரா நின்ற ஹியூ வைட் என்ற சிப்பாய், வாய்த்தகராறு செய்த பயிற்சித் தொழிலாளிப் பையன் ஒருவனைத் துப்பாக்கியால் தலையில் அடித்தார். கூட்டம் சேர்ந்தது. தேவாலய மணி ஒலிக்கவே, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எண்ணிப் பலர் ஓடிவந்தார்கள். கேப்டன் தாமஸ் பிரஸ்டன் ஏழு சிப்பாய்களோடு வைட்டின் துணைக்கு வந்தார். பனிக்கட்டிகள் பறந்தன, தடிகள் உயர்ந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. மூன்று பேர் அங்கேயே மாண்டார்கள். 17 வயது சாமுவேல் மேவரிக் மறுநாளும், அயர்லாந்துக்காரரான பாட்ரிக் கார் ஒன்பது நாள் கழித்தும் இறந்தார்கள். ‘சுடு’ என்று கத்தியது யார் என்ற கேள்வியையே அன்றிலிருந்து எல்லோரும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நம்மைத் திசைதிருப்புகிறது. ஐந்து சாவுகளுக்கும் முதல் பொறுப்பாளி, நகரத்துக்குக் காவலாகப் பட்டாளத்தை அனுப்பிய லண்டன் அரசுதான்.

கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை ஆகியவற்றின் மீது 1767இல் விதித்த வரியைப் பாஸ்டன் ஏற்கவில்லை. மிரண்டுபோன சுங்க ஆணையர்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். 1768 அக்டோபர் 1 அன்று பட்டாளம் கரையிறங்கியது. ஏறக்குறைய 16,000 பேர் வாழ்ந்த ஊர் அது. சொற்பச் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள், ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்கள். ஊர்த் தொழிலாளிக்கு அது வயிற்றில் அடித்ததுபோல் ஆயிற்று. மார்ச் 2 அன்று ஜான் கிரேயின் கயிற்றுப் பட்டறையில் வேலை கேட்டுப் போன சிப்பாயை அங்கிருந்தவர்கள் கேவலமாகப் பேசி விரட்ட, இரு தரப்பும் தடியெடுத்து மோதின. மூன்றாம் நாள் கிங் வீதியில் செத்த சாமுவேல் கிரே, அந்தப் பட்டறைத் தொழிலாளி. சுட்டவர்களில் ஒருவரான மாத்யூ கில்ராய், அந்த அடிதடியில் இருந்தவர். வரிச் சண்டை கூலிச் சண்டையாகி, முகம் தெரிந்த பகையாகவும் முற்றியிருந்தது.

‘நீதிமன்றமே விடுவித்துவிட்டதே’ என்று கேட்கலாம். உண்மைதான். பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலையானார்கள். கில்ராய்க்கும் ஹியூ மான்ட்கோமரிக்கும் கட்டைவிரலில் சூடு போட்டதோடு சரி. சிப்பாய்கள் தற்காப்புக்காகவே சுட்டார்கள் என்று மரணப் படுக்கையில் கார் சொன்னதாக மருத்துவர் சாட்சியம் அளித்தார். அந்தத் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கூண்டில் நின்றவர்களைத்தான் நீதிமன்றம் விசாரிக்க முடியும். அவர்களை அங்கே நிறுத்திய மந்திரிசபையை அது விசாரிக்கவில்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், ஊரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் சிப்பாய்களுக்காக வாதாடியது பெரும் துணிச்சல். ஆனால் அந்த வாதத்தில் ஒரு கறையும் உண்டு. ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினரான மாலுமி கிறிஸ்பஸ் அட்டக்ஸின் தோற்றமே எவரையும் நடுங்கவைக்கும் என்று சொல்லி, செத்தவர் தலையிலேயே பெரும்பழியை ஏற்றினார். அதே ஆடம்ஸ்தான், ஜன நெருக்கமுள்ள ஊரில் வைத்த பட்டாளம் ஒரு கலகத்தைத் தடுத்தால் இரண்டைக் கிளப்பிவிடும் என்றும் அதே வழக்கில் சொன்னார். சிப்பாய்களின் வக்கீல் வாயிலிருந்தே வந்த இந்தச் சாட்சியைவிட வலுவானது வேறு என்ன வேண்டும்?

பாஸ்டன் கூட்டம் முன்பே வன்முறைக் கூட்டம்தான் என்பார்கள். 1765இல் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டையே அது சூறையாடியது; ஆனால் அன்று யாரும் சாகவில்லை. 1770 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் சைடர் என்ற சிறுவனைச் சுட்டுக் கொன்றவர் சிப்பாய் அல்ல, சுங்கத் துறைக்கு உளவு சொன்ன எபனேசர் ரிச்சர்ட்சன். இதை மறைக்கக் கூடாது. கிங் வீதிச் சம்பவத்தைக் காட்டிச் செதுக்கோவியர் பால் ரிவியர் வெளியிட்ட படமும் பொய்ச் சித்திரம்தான்: வாளை உயர்த்தி ஆணையிடும் அதிகாரி, வரிசையாக நின்று சுடும் சிப்பாய்கள். பிரச்சாரத்தைத் தள்ளிவிட்டு, பின்னர் நடந்ததை மட்டும் பார்ப்போம். ஊராரின் நெருக்குதலால் பட்டாளம் துறைமுகத் தீவுக் கோட்டைக்கு மாற்றப்பட்டது. 1773 டிசம்பர் 16 இரவு ஊரார், தேயிலை வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கிங் வீதிக் கைகலப்பைவிட எத்தனையோ மடங்கு பெரிய சவால் அது. அன்று ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. 1774இல் லண்டன் மீண்டும் பட்டாளத்தை நகருக்குள் அனுப்பியது. மறு ஆண்டு ஏப்ரல் 19 அன்று அங்கிருந்து புறப்பட்ட படை, லெக்சிங்டனில் எட்டுக் குடியேறிகளைச் சுட்டுக் கொன்றது.