கோயிலும் கிணறும்: திருநெல்வேலித் திருச்சபையில் ஆராதனையும் ஊழியமும் (1780–1939)

முன்னுரை

முழு இருதயத்தோடு கடவுளை ஆராதிப்பது ஞாயிற்றுக்கிழமைக் கோயிலோடு முடிந்துவிடுமா, பிறருக்குச் செய்யும் ஊழியமும் அதில் அடங்குமா? கிறிஸ்தவ இறையியலில் இது பழைய கேள்வி. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. தஞ்சம் தேடிய சிறு கூட்டமாக இருந்த இச்சபை, ஏறத்தாழ 125 ஆண்டுகளில் வேற்று மொழி மக்களிடம் ஊழியரை அனுப்பும் சபையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் ஆராதனையே ஊழியத்தைப் பிறப்பித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடக்கம்: குளோரிந்தா

மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றனர், முதற்பெயர் அவருடையதே. அவருடைய முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். ஊரார் தண்ணீர் எடுக்க அவர் வெட்டிய கிணற்றுக்கும் அவர் பெயரே நிலைத்தது. சபையின் முதல் தலைமுறையிலேயே தொழுகைக்கு ஓர் இடமும் தாகத்துக்கு ஓர் இடமும் ஒரே கையால் அமைந்தன.

ஊரும் சங்கமும்

புதிதாகக் கிறிஸ்தவர்களானோர் துன்புறுத்தப்பட்டபோது, உபதேசியார் சுந்தரானந்தம் தாவீது 1799இல் அவர்களுக்காக முதலூரை உருவாக்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இவ்வழியை விரிவாக்கினார். அவர் 1830இல் தொடங்கிய தர்ம சங்கம், வீடிழந்த விசுவாசிகளைக் குடியமர்த்த நிலம் வாங்கியது. கோயிலும் பள்ளியும் கட்ட உதவியது. இவ்வூர்களில் காலையும் மாலையும் மணி அடிக்கும். உபதேசியார் ஜெபம் நடத்துவார். கோயிலாக இருந்த கூரைக் கட்டடமே பல ஊர்களில் பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

காணிக்கையின் வழி

இச்சபையின் பக்தியை அறிய அதன் காணிக்கை முறையைப் பார்க்க வேண்டும். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பது பெண்களின் வழக்கம். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். தோத்திரப் பண்டிகையில் முதல் வாழைக்குலை, ஆடு, கோழி, முட்டை என விளைந்ததும் வளர்த்ததும் ஆலயத்துக்கு வரும். ஏலத்தில் விற்றுச் சபைப் பணிக்குச் சேர்ப்பார்கள். ரொக்கம் கையில் இல்லாத பனையேறிக் குடும்பமும் ஊழியத்தில் பங்கெடுக்க இம்முறை வழி திறந்தது. சமைக்கும் வேளையே ஜெபவேளை ஆயிற்று.

அனுப்பும் சபை: அசரியா

வெள்ளாளன்விளையில் 1874இல் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியதை அறிந்தார். அது அவரை உலுக்கியது. மறு ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் அதன் பணிக்களமாயிற்று.

1909இல் குருப்பட்டம் பெற்ற அசரியா தாமே அங்கு சென்று தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர் நடத்திய ஞானஸ்நான ஆராதனைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தி அறிவிப்பது தம்மேல் விழுந்த கடமை என்று அறிக்கையிட வேண்டும். ஆராதனை முடியுமுன்னே ஊழியப் பொறுப்பு ஒவ்வொருவர் தலையிலும் ஏறிவிடும். இந்தியக் கட்டடக் கலை மரபுகளை இணைத்து எழுப்பிய டோர்னக்கல் பேராலயம் 1939இல் பிரதிஷ்டையானது.

முடிவுரை

குளோரிந்தா முதல் அசரியா வரை காணும் செய்தி ஒன்றே: காணிக்கையும் உழைப்பும் ஆராதனையின் உறுப்புகளாக இருந்த காலத்தில்தான் சபை வளர்ந்தது. இன்று நம் சபைகள் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை, பக்கத்துத் தெருவின் பசிக்கும் படிப்புக்கும் திருப்ப வேண்டும். நம் முன்னோர் விட்டுச்சென்ற ஆராதனை முறை அதுவே.