எழுதப்படாத தடை: தெஹ்ரான் கால்பந்து அரங்கமும் பெண் ரசிகர்களும்

ஈரான் தலைநகர் தெஹ்ரானின் மேற்குப் பகுதியில், 1974ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு எழுப்பப்பட்டு 1971இல் திறக்கப்பட்ட ஆசாதி அரங்கம், தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர்களுக்கு இடமளித்தது. மன்னராட்சிக் காலத்தில் ஆரியமேர் என்று பெயர் பெற்றிருந்த அந்த அரங்கின் படிக்கட்டுகளில் அன்று பெண்களும் அமர்ந்து ஆட்டம் பார்த்தனர். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் சில ஆண்டுகளிலேயே, 1980களின் தொடக்கத்தில், அவர்கள் அங்கிருந்து விலக்கப்பட்டனர். இந்த விலக்கலின் வரலாற்றை ஆராய்பவர் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியது, பெண்கள் கால்பந்து அரங்கிற்குள் செல்லக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் எதையும் இயற்றவில்லை என்பதாகும். எழுதி வைக்கப்பட்ட தடைக்கு நீக்கும் வழியும் உண்டு. வாயிற்காவலரின் கையசைவில் மட்டுமே வாழ்ந்த இத்தடைக்கோ இயற்றியவர் என்று எவரும் இல்லாததால், நீக்கும் பொறுப்பையும் எவரும் ஏற்கவில்லை.

மதத் தலைவர்கள் கூறிய காரணங்கள் இரண்டு: அரைக்கால் சட்டையில் ஆடும் அந்நிய ஆண்களைப் பெண்கள் காண்பது தகாது என்பது ஒன்று, ஆண் ரசிகர்கள் கூட்டமாக எழுப்பும் ஆபாச முழக்கங்கள் பெண்களின் காதில் விழக் கூடாது என்பது மற்றொன்று. அதே ஆட்டங்களை அரசுத் தொலைக்காட்சி வீடுதோறும் ஒளிபரப்பி வந்ததை எண்ணினால் முதற்காரணம் நிற்பதில்லை. இரண்டாவது காரணமோ, தகாத சொல்லைச் சொன்னவரை அரங்கிற்குள் இருத்திவிட்டு, அதைக் கேட்கக் கூடும் என்பதற்காகப் பெண்ணை வெளியே நிறுத்தியது. 2001 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக அயர்லாந்து அணி தெஹ்ரானில் ஆடியபோது, அந்நாட்டிலிருந்து வந்த பெண் ரசிகர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர் என்பதையும், ஈரானியப் பெண்கள் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் இவற்றோடு சேர்த்துக் காண வேண்டும்.

தடையின் முதல் உடைப்பு ஆட்டம் எதுவும் நடைபெறாத ஒரு நாளில் நிகழ்ந்தது. 1997 நவம்பர் 29 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த ஈரான் அணி, கரீம் பாகேரி, கோதாதாத் அசீசி ஆகியோர் அடித்த கோல்களால் 2-2 எனச் சமன் செய்து, 1998 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அணியினருக்கு ஆசாதி அரங்கில் வரவேற்பு ஏற்பாடானபோது, பெண்கள் வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் கண்டுகொள்ளுமாறு அதிகாரிகள் அறிவித்தனர்; ஆயினும் ஆயிரக்கணக்கான பெண்கள் வாயிலில் திரண்டு, காவலை மீறி உள்ளே சென்றனர். பின்வந்த இருபது ஆண்டுகளின் முயற்சிகள் அனைத்திற்கும் வாயிலில் திரண்டு நிற்கும் இந்த முறையே முன்மாதிரி ஆயிற்று.

2005 ஜூனில் பஹ்ரைனுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தின்போது வெள்ளைத் தலைத்துணி அணிந்த பெண்கள் வாயிலை முற்றுகையிட்டனர். அவர்களுள் சிலர் ஆட்டம் முடிவதற்குள் உள்ளே நுழையவும் செய்தனர். ஆண் வேடமிட்டு அதே ஆட்டத்தைக் காண முயன்று பிடிபடும் பெண்களைப் பற்றியதே இயக்குநர் ஜாஃபர் பனாஹி எடுத்த ‘ஆஃப்சைடு’; 2006ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்ற அப்படம் ஈரானில் திரையிட அனுமதி பெறவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் அதிபர் அஹ்மதிநெஜாத் பெண்களை அனுமதிக்கலாம் என அறிவித்தார். மதத் தலைவர்களின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எழுதப்படாத வழக்கத்தை எழுத்து வடிவ ஆணையாலும் அசைக்க இயலவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. பெண்களும் தாங்கள் அறிந்த வழிக்கே திரும்பினர்: 2018இல் ஒட்டுத்தாடியும் பொய்முடியும் அணிந்து ஆண்களாக உள்ளே சென்ற ஐந்து பெண்களின் படங்கள் உலகெங்கும் பரவின.

தேசிய அணியின் ஆட்டத்திற்கும் தொழில்முறைக் கழகங்களின் ஆட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. ஆண்டில் சில முறை ஆடும் தேசிய அணிக்கு நாடே ஆதரவு. வாரந்தோறும் லீக் தொடரில் ஆடும் கழகங்களோ தெஹ்ரானைச் சிவப்பு, நீலம் என இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சிவப்பு பெர்செபோலிஸ் கழகத்துக்கும் நீலம் எஸ்தெக்லால் கழகத்துக்கும் உரியன. ஒரு கழகத்தின்பால் கொண்ட பற்று பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் குடும்பத்தோடு வருவது. மகனுக்கும் மகளுக்கும் அது ஒன்றாகவே வந்தபோதும், வளர்ந்தபின் அரங்கிற்குச் செல்ல மகனுக்கு மட்டுமே வழி இருந்தது. 2019 மார்ச்சில் எஸ்தெக்லாலின் ஆட்டம் ஒன்றைக் காண ஆண் உடையில் சென்று கைதான சஹர் கோதயாரி, சிறைத்தண்டனை கிடைக்கக் கூடும் என்று அறிந்து, செப்டம்பரில் நீதிமன்றத்தின் முன் தீக்குளித்து, 29 வயதில் உயிரிழந்தார். அவரது கழகத்தின் நிறத்தைக் கொண்டு உலகம் அவரை ‘நீலப் பெண்’ என அழைத்தது. தன் விதிகளின் 4ஆம் பிரிவிலேயே பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்திருந்தும், பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தோடு நின்றுவிட்ட உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, இந்த இறப்புக்குப் பின்னரே உறுதியாக வற்புறுத்தியது என்பது அவ்வமைப்புக்குப் பெருமை தருவதன்று.

அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, கம்போடியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில், தனியாக வேலியிடப்பட்ட பகுதியில் 3,500க்கும் மேற்பட்ட பெண்கள், தாங்களே வாங்கிய நுழைவுச்சீட்டுடன் அமர்ந்தனர். ஈரான் 14-0 என வென்றது. கோல் எண்ணிக்கை அத்தனை பெரிதாக இருந்தும், அன்றைய செய்திப்படங்களில் ஆடுகளத்தைவிடப் பார்வையாளர் பகுதியே மிகுதியாக இடம்பெற்றது இயல்பே. ஆயினும் வழி முழுமையாகத் திறந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் மஷ்ஹத் நகரில் லெபனானுக்கு எதிரான ஆட்டத்திற்குச் சீட்டு வைத்திருந்த பெண்களே வாயிலில் தடுக்கப்பட்டு, மிளகுத் தூள் தெளிப்பானால் விரட்டப்பட்டனர்.

லீக் ஆட்டத்திற்கான அனுமதி 2022 ஆகஸ்ட் 25 அன்று வந்தது. எஸ்தெக்லாலும் கெர்மான் நகரின் மெஸ் கழகமும் மோதிய ஆட்டத்தைப் பல நூறு பெண்கள் ஆசாதி அரங்கில் கண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஈரானியப் பெண்கள் முறையான அனுமதியுடன் கண்ட முதல் உள்நாட்டு லீக் ஆட்டம் அதுவே. சிவப்பும் நீலமும் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தை, அதாவது ஒரே ஊரின் இரு கழகங்கள் மோதுவதால் டெர்பி எனப்படும் ஆட்டத்தை, அரங்கில் அமர்ந்து காண்பதற்கு 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று சுமார் 3,000 பெண்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆண்களுக்கு அதைப் போலப் பல மடங்கு இடங்கள் இருந்தன.