கிராம்பான்: ரைன் கரையிலிருந்து வந்த சொல்

கிராம்பான் என்றதும் தமிழ்க் காதில் முதலில் மணப்பது கிராம்புதான். ஓசை ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது, சொல்லாராய்ச்சியில் காலடி வைக்கும் எவரும் வழுக்கி விழும் முதல் இடம். இரண்டு சொல்லுக்கும் வேர் வேறு. ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கிராம்பை ‘க்ளூ தெ ஜிரோஃப்ல்’ என்கிறார்கள். க்ளூ என்றால் ஆணி; காய்ந்த மொட்டு குட்டி ஆணி போல இருப்பதால் வந்த பெயர். பனிமலை ஏறுகிறவர்கள் கிராம்பான் மாட்டத் தொடங்குமுன் பூட்ஸின் அடியில் வரிசையாக அடித்துக்கொண்டதும் ஆணிகளைத்தான். சொல்லில் இல்லாத உறவு பொருளில் எட்டிப் பார்க்கிறது.

கிராம்பான் என்பது பூட்ஸுக்கு அடியில் வாரால் இழுத்துக் கட்டும் இரும்புச் சட்டம். அதில் கீழ்நோக்கி நிற்கும் கூரிய முட்கள் உறைபனியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பனியாறும் பனிச்சரிவும் உள்ள மலைகளில் இது இல்லாமல் இன்று யாரும் ஏறுவதில்லை. ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சுற்றி வாழும் மூன்று மொழிக்காரர்கள் இதை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானியருக்கு இது ‘ஷ்டைக்-ஐசன்’, ஏறும் இரும்பு. வேலையைச் சொல்லும் பெயர். இத்தாலியருக்கு ‘ரம்போனே’, விலங்கின் நகத்தை நினைவூட்டும் பெயர். பிரெஞ்சுக்காரருக்குக் ‘கிராம்பான்’, கவ்விப் பிடிப்பதைச் சொல்லும் பெயர். உலகம் எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவது பெயரைத்தான்.

பிரெஞ்சில் இந்தச் சொல் மலைக்கு வெகு முன்பே பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது. கல்லோடு கல்லைச் சேர்த்துக் கட்டும்போது இடையே பதிக்கும் இருமுனை வளைந்த இரும்புக்கு அதுதான் பெயர். சுவரைப் பற்றி ஏறும் ஐவிக்கொடியின் பற்று வேர்களும் கிராம்பான்கள்தான். கால்பந்து வீரரின் பூட்ஸுக்கு அடியில் இருக்கும் குமிழ்களும் அவையே. ஒட்டிக்கொண்டு விடாத ஆளையும் பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே பொருள்: வளைந்து பற்றுதல்.

அந்தப் பொருள் பிரெஞ்சில் பிறந்ததல்ல. ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்து, பிறகு இன்றைய பிரான்ஸை ஆண்ட ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தார் தங்களோடு கொண்டுபோன சொல் அது. வளைவு, கொக்கி என்ற பொருளுடைய அந்த ஜெர்மானிய வேரின் மற்றப் பிள்ளைகள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘கிராம்ப்ஃப்’ என்றால் தசை சுருண்டு இழுத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் ‘கிராம்ப்’ என்பதும் அதுவே. நாம் குரக்குவலி என்கிறோமே, அது. கொடியிலிருந்து குலையைக் கொக்கி போட்டு இழுத்துப் பறித்ததால் திராட்சைக்கு வந்த ‘கிரேப்’ என்ற பெயரும் இந்தக் கூட்டத்தோடு உறவுடையது. இரும்பு வளைந்தால் கிராம்பான், கெண்டைக்கால் வளைந்தால் கிராம்ப். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பொருளின் வரலாறும் பழையதுதான். 1574இல் சுவிஸ் அறிஞர் யோசியாஸ் சிம்லர் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலிலேயே, வழுக்காமலிருக்கக் காலில் கட்டும் இரும்பு முட்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. வேட்டைக்காரர், விறகுவெட்டி, ஆடு மேய்ப்பவர் என்று மலையில் பிழைத்தவர்கள் நான்கு முள் வைத்த சிறு இரும்பை உள்ளங்காலின் நடுவில் கட்டிக்கொண்டார்கள். நடக்க அது போதும். ஆனால் முன்பாதமும் குதிகாலும் அந்தரத்தில் நிற்பதால் செங்குத்தான பனியில் அதை நம்ப முடியாது.

ஆகவே மலையேற்றம் பொழுதுபோக்காக வளர்ந்த 19ஆம் நூற்றாண்டில், பனிச்சரிவு என்றால் படி வெட்டுவது என்றே பொருள். வழிகாட்டி முன்னே போய் நீண்ட பனிக்கோடரியால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி வெட்டுவார். பணம் கொடுத்தவர் பின்னால் ஏறுவார். மணிக்கணக்கில் வெட்ட வேண்டும். அந்த வேலையை ஒரு கலையாகவே போற்றிய ஆங்கிலேய மலையேறிகள், காலில் முள் கட்டுவதைக் குறுக்கு வழி என்று ஒதுக்கினார்கள்.

இந்த இடத்தில்தான் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் வருகிறார். 1859இல் லண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை ரைன் கரையிலுள்ள பான் நகரத்து யூதர், சோஷலிசவாதி. 1848இன் புரட்சி தோற்ற பிறகு ஜெர்மனியை விட்டு ஓடி லண்டனில் குடியேறியவர். ஃபிராங்க் இனத்தாரோடு ரைன் கரையை விட்டுப் புறப்பட்ட சொல் பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பல நூற்றாண்டு கழித்து அதே ஆற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பம் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. இரண்டும் சந்திக்க இன்னும் அறுபது ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

அந்த வீட்டில் வேர் தேடுவது பொதுக்குணம் போலிருக்கிறது. ஆஸ்கரின் அக்கா லீனா எக்கன்ஸ்டைன் இடைக்காலக் கன்னிமடங்களில் வாழ்ந்த பெண்களைப் பற்றி 1896இல் ஒரு பெரிய வரலாற்று நூல் எழுதினார். 1906இல் அவர் வெளியிட்ட நூல் குழந்தைப் பாடல்களைப் பற்றியது. ஐரோப்பிய மொழிகளில் அவற்றின் பல வடிவங்களை ஒப்பிட்டு மூலம் தேடியது. தம்பி வேதியியல் படித்தார்; லண்டனிலும், தந்தை விட்டுவந்த அதே பான் நகரிலும். பிறகு ரயில்வே துறையில் எஞ்சினியராக வேலை பார்த்தார். அக்கா பாட்டைப் பிரித்துப் பார்த்தது போலத் தம்பி மலையேற்றத்தின் ஒவ்வொரு கருவியையும் பிரித்துப் பார்த்தார். எந்த முடிச்சு எப்போது நழுவும் என்று ஆராய்ந்து 1909இல் கட்டுரை எழுதினார். 120, 130 சென்டிமீட்டர் நீளமிருந்த பனிக்கோடரியை ஒரு கையால் வீசும்படி 86 சென்டிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். மலையேற்றப் பெரியவர்கள் அதைக் குறை சொன்னார்கள்.

இமயத்துக்கு அப்பாலும் அவர் போயிருக்கிறார். 1892இல் மார்ட்டின் கான்வே தலைமையில் காரகோரம் சென்ற குழுவில் இருந்தார். ஒத்துப்போகாமல் பாதியில் பிரிந்தார். 1902இல் தாமே தலைமை தாங்கி கே2 சிகரத்தை ஏற முயன்றார். அந்தச் சிகரத்தின்மீது நடந்த முதல் பெரிய முயற்சி அது. காஷ்மீருக்குள் நுழையவிடாமல் பிரிட்டிஷ் அரசு அவரை மூன்று வாரம் தடுத்து வைத்தது. குழு சுமார் 6,500 மீட்டர் வரை போய்த் திரும்பியது.

மலையேறிகளின் வழக்கமான பெருமை சிகரக் கணக்கு. எக்கன்ஸ்டைனின் கணக்கு வேறு: உள்ளங்கால் எந்தக் கோணத்தில் பனியைத் தொடுகிறது? எடை எந்த முள்ளில் இறங்குகிறது? பழைய நான்கு முள்ளை எடுத்து அதை நீட்டவில்லை. பூட்ஸின் விளிம்பை அளந்து, அந்த விளிம்பைச் சுற்றி முட்களை நிறுத்தினார். பத்து முள். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு கீல். நடக்கும்போது இரும்பு காலோடு சேர்ந்து மடங்கும். இந்த இரும்பைக் கட்டிய கால் எங்கே வைத்தாலும் எல்லா முள்ளும் ஒன்றாகப் பனியில் இறங்க வேண்டும். அதற்குக் கணுக்காலை வளைத்துப் பாதத்தைச் சரிவோடு தட்டையாகப் பதிக்க வேண்டும். இரும்போடு சேர்த்து நடையையும் வகுத்துக் கொடுத்தார். அதன்பின் படி வெட்ட வேண்டியதில்லை.

இதை அவர் 1908இல் விளக்கி எழுதியது ஆங்கிலத்தில் அல்ல. ஆஸ்திரியாவின் மலையேற்ற இதழில், தந்தையின் மொழியில். ஆங்கில வாசகருக்கு எழுதியது 1912இல்தான். அந்தக் கட்டுரைத் தலைப்பில் அவர் வைத்த சொல்லும் கிராம்பான் இல்லை, ‘நகங்கள்’. இத்தாலியர் பார்த்ததையே அவரும் பார்த்தார். ஆங்கிலம் மட்டும் அவர் கொடுத்த பெயரை எடுத்துக்கொள்ளவில்லை.

வரைபடம் முள்ளாக வேண்டுமானால் கொல்லர் வேண்டும். மான் பிளான் மலையின் இத்தாலியப் பக்கத்தில் கூர்மாயோர் என்ற ஊர். அதையொட்டி ‘லே ஃபோர்ஜ்’ என்றொரு சிற்றூர். பெயரின் பொருளே கொல்லுலைகள். 1818 முதல் அங்கே உலை வைத்திருந்தது கிரிவெல் குடும்பம். மண்வெட்டியும் கடப்பாரையும் அடித்துக்கொண்டிருந்தவர்கள், மலை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கேட்டுப் பனிக்கோடரி அடிக்கத் தொடங்கினார்கள். எக்கன்ஸ்டைனின் அளவுகளை வாங்கிக்கொண்டு 1909 வாக்கில் பத்துமுள் கிராம்பானை அடித்துக் கொடுத்தவர் ஹென்றி கிரிவெல். 1912இல் ஊருக்கு மேலேயுள்ள பிரென்வா பனியாற்றில் வழிகாட்டிகளுக்கும் சுமைகாரர்களுக்கும் ஒரு போட்டியே நடந்தது. படி வெட்டிப் பழகிய கைகளுக்கு எதிரே புதிய இரும்பை நிறுத்திக் காட்டும் வழி அது.

1929இல் அடுத்த மாற்றம். ஹென்றியின் மகன் லோரான் கிரிவெல் விரல்நுனிக்கு முன்னால் நீளும் இரண்டு முட்களைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். பாதத்தைத் தட்டையாகப் பதிக்க முடியாத செங்குத்துப் பனியில் நுனிக்காலைக் குத்தி ஏணிபோல ஏறலாம். இதன் மதிப்பு என்னவென்று 1938 ஜூலையில் ஐகர் மலையின் வடக்குச் சுவரில் தெரிந்தது. முன்னே போன இருவரில் ஃபிரிட்ஸ் காஸ்பரெக் காலில் பத்துமுள். ஹைன்ரிஷ் ஹாரரின் காலில் கிராம்பானே இல்லை, ஆணி அடித்த பூட்ஸ். படி வெட்டிக்கொண்டே போனார்கள். பன்னிரண்டுமுள் கட்டிய ஹெக்மைரும் ஃபோர்கும் பின்னால் புறப்பட்டு அவர்களை எட்டிப் பிடித்தார்கள். நால்வரும் ஒரே கயிற்றில் சேர்ந்து உச்சியை அடைந்தார்கள். அந்தச் சுவரை அதுவரை யாரும் ஏறியதில்லை.

இனிப் பெயர்களின் கூத்தைப் பாருங்கள். ஜெர்மன் அகதியின் மகனான லண்டன்காரர் வகுத்த தட்டைப்பாத நடைக்கு மலையேறிகள் உலகில் இன்று வழங்கும் பெயர் ‘பிரெஞ்சு முறை’. இத்தாலியக் கொல்லர் நீட்டிய முன்முள்ளால் குத்தி ஏறுவதற்குப் பெயர் ‘ஜெர்மன் முறை’. நடந்து பரப்பியவர்களின் ஊர் பெயராகிவிட்டது; அளந்தவரும் அடித்தவரும் பெயரில் இல்லை. வழக்காற்றுப் பெயரை நம்பி மூலம் தேடினால் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

வேர் மட்டும் பொய் சொல்லவில்லை. முன்முள்ளில் நுனிக்காலால் நிற்கிறவருக்கு உடல் எடை முழுவதும் கெண்டைக்காலில் ஏறும். நேரம் ஆக ஆகத் தசை நடுங்கும். பிறகு சுருண்டு இழுத்துக்கொள்ளும். கிராம்பான் கட்டிய காலில் கிராம்ப். ரைன் கரையில் ஒரே வயிற்றில் பிறந்து, ஒன்று இரும்பாகவும் ஒன்று நோவாகவும் பிரிந்துபோன இரண்டு சொற்கள் பனிச்சுவரில் ஒரே காலில் மறுபடி சந்திக்கின்றன.

எக்கன்ஸ்டைன் 1921இல் காசநோயால் இறந்தார். அவர் அளந்த இரும்பு இன்று அவர் பெயரைச் சுமக்கவில்லை. அந்தப் பெயரை ஜெர்மனில் பிரித்தால் ‘எக்க’ மூலை, ‘ஷ்டைன்’ கல். வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலைப்பக்கம், அவர் உருண்டைப் பாறைகளில் ஏறிப் பழகிய இடத்தில், ஒரு பெரும்பாறைக்கு மலையேறிகள் எக்கன்ஸ்டைன் பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிராம்பான் மாட்டி ஏறும் பாறையல்ல அது. கையும் காலும் போதும்.